கிண்டிலா, கோபோவா, கையில் இருக்கிற போனா?

"துபாயிலிருந்து அக்கா வருகிறார். ஈ-ரீடர் ஒன்று கொண்டுவரச் சொல்லலாம் என்றிருக்கிறேன். கிண்டில் நல்லதா, வேறு ஏதாவதா?" மின்னூல் வாசிப்பதற்கென்றே செய்த இந்தக் கருவி பற்றி ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களிலிருந்து வருகிற கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல மனம் வருவதில்லை. கொழும்பில் இருப்பவருக்குச் சரிவருவது மலையகத்தில் இருப்பவருக்கும் சரிவரும் என்றில்லை.

வழக்கமாக இந்த வாதம் 'வசதியா, சுதந்திரமா' என்றே நடக்கும். அமேசான் நிறுவனத்தின் கிண்டில் என்றால் வசதி: ஒரே கணக்கு, ஒரே கடை, தொட்டால் புத்தகம் வந்துவிடும். கோபோ, பொக்கெட்புக் போன்ற மற்ற ஈ-ரீடர்கள் என்றால் சுதந்திரம்: எங்கிருந்து எடுத்த கோப்பையும் போடலாம், வாசிக்கும் மென்பொருளையே மாற்றலாம். நான் இதைக் கொஞ்சம் வேறுவிதமாகப் பார்க்கிறேன். நீங்கள் வாசிக்கப் போகிற கோப்புகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

காசையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2024 இல் வந்த அடிப்படைக் கிண்டிலின் அமெரிக்க விலை 110 டொலர். டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் 33,000 ரூபாய். அதே ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் இது இருபத்துநான்கு நாள் கொழுந்து. வீட்டில் யாரோ ஒருவருடைய உழைப்பு இப்படி ஒரு பொருளாக மாறப்போகிறது என்றால், ஆழம் பார்த்துத்தான் காலை விட வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

ஆறு விடயங்களை நான் பார்ப்பேன். எந்த வகைக் கோப்பை வாசிக்கப் போகிறீர்கள். புத்தகம் எந்த வழியில் உள்ளே போகும் (அட்டையா, வைஃபையா, கேபிளா). தமிழ் எழுத்து குலையாமல் தெரியுமா. பழுதானால் என்ன செய்வது. எல்லாம் சேர்த்து எவ்வளவு முடியும். பத்து வருடம் கழித்தும் அந்தப் புத்தகம் உங்களிடம் இருக்குமா. ஆறுக்கும் ஒரே எடை இல்லை. முதலாவதுதான் மற்றவற்றை இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் அதில் கொஞ்சம் நேரம் செலவழிப்போம்.

## நம்மிடம் இருக்கிற கோப்புகள்

நம் கையில் புழங்குகிற தமிழ்க் கோப்புகள் மூன்று சாதி.

ஒன்று, ஒழுங்கான யூனிகோட் (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை) எழுத்தில் இருப்பவை. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இலக்கியங்கள், தமிழ் விக்கிமூலத்தில் ஏறியுள்ள நாட்டுடைமை நூல்கள், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தின் இலவச நூல்கள், கிண்டில் கடையில் விற்கிறவை எல்லாம் இதில் வரும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடிந்துகொள்ளும். எந்தக் கருவியிலும் வாசிக்கலாம். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் ஒரு காலத்தில் தமிழை ஒழுங்காகக் காட்டாத கருவிகளுக்காக ஆறு அங்குலத் திரை அளவிலேயே பிடிஎஃப் செய்து போட்டது. அந்தக் கோப்புகள் இன்னும் கிடைக்கின்றன, இன்னும் உதவுகின்றன.

இரண்டு, ஸ்கேன் செய்த படங்கள். இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைக்கிற, 2005 முதல் இயங்கும் 'நூலகம்' தளத்தில் உள்ளவற்றில் பெரும்பகுதி இது. அச்சில் இல்லாமல் போன மலையக நூல்கள், பழைய சஞ்சிகைகள், தொழிற்சங்கப் பிரசுரங்கள், பாடசாலை மலர்கள் என்று வேறெங்கும் கைக்கு எட்டாதவை அங்கே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு பக்கமும் ஒரு புகைப்படம். எழுத்தைப் பெரிதாக்க முடியாது. படத்தைப் பெரிதாக்கி இடமும் வலமும் தள்ளித் தள்ளி வாசிக்க வேண்டியதுதான்.

மூன்றாவது சாதி நமக்கே உரித்தானது: பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃப். இலங்கையில் தமிழ்த் தட்டச்சு என்றால் நெடுங்காலம் பாமினிதான். ஆசிரியர் குறிப்புகள், மாதிரி வினாத்தாள்கள், சங்க மலர்கள், ஆய்வுக் கட்டுரைகள் என்று எதைத் திறந்தாலும் அதுதான். கண்ணுக்கு 'தமிழ்' என்று தெரிகிற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கிலத் தட்டெழுத்துகளாகக் கிடக்கும். பக்கத்தை அப்படியே காட்டும்வரை பிரச்சினை இல்லை. சின்னத் திரைக்கு ஏற்ப வேறு வடிவத்துக்கு மாற்றப் போனால் வில்லங்கம். மின்னூல்களை வடிவம் மாற்றுகிற கலிபர் மென்பொருளில் மாற்றினாலும், கிண்டிலுக்கு மின்னஞ்சலில் அனுப்பி மாற்றித் தரச் சொன்னாலும், திரும்பி வருவது ஆங்கில எழுத்துக் குப்பை.

இனித் திரையளவு. ஆறு அங்குலத் திரை ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் அகலம். ஏ4 தாள் 21 சென்ரிமீற்றர். 11 புள்ளி எழுத்து அதில் 5 புள்ளிக்கும் கீழே போய்விடும், அதாவது மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற துண்டுக் காகிதத்து எழுத்து. 7.8 அங்குலத்தில் 6 புள்ளிக்குச் சற்று மேல், 10.3 அங்குலத்தில் 8 புள்ளி. ஏ4 தாளைவிடச் சிறிய, பழைய டெமி அளவுப் புத்தகங்களின் ஸ்கேன் என்றால் நிலைமை பரவாயில்லை. ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டால் ஏழு, எட்டு அங்குலத் திரையில் நிம்மதியாக வாசிக்கலாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல் பிடிஎஃப்களை ஆறு அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரையில் வாசிக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் அதைச் செய்து பார்த்தவராக இருக்கமாட்டார்.

## கிண்டில்

வசதி என்ற பேச்சில் இதற்கு ஈடு இல்லை. அமேசான் 2016 டிசம்பரில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளுக்குக் கிண்டிலில் முறையாக இடம் கொடுத்தது. அதன் பிறகு தமிழ்நாட்டு எழுத்தாளர்கள் பலர் நேரடியாக அங்கே வெளியிடுகிறார்கள். கடையில் வாங்கிய தமிழ்ப் புத்தகம் எழுத்துக் குலையாமல் வரும். விட்ட இடத்தைப் போனிலும் கருவியிலும் அதுவே நினைவில் வைத்திருக்கும். 2022 முதல் ஈபப் என்ற பொதுவான மின்னூல் வடிவக் கோப்பையும் 'சென்ட் டு கிண்டில்' என்ற இணையச் சேவை வழியாக அனுப்பலாம். 'கிண்டிலில் ஈபப் போகாது' என்ற பழைய குறை இப்போது பாதிதான் உண்மை. இணையம் வழியாகப் போகும், கேபிளில் நேரே போட்டால் திறக்காது.

நமக்கு இடிக்கிற இடங்கள் உண்டு. அந்த வசதி நான்கு கால்களில் நிற்கிறது: வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு ஏற்ற வங்கி அட்டை, நிலையான இணையம், பழுதான பொருளை மாற்றித் தருகிற சேவை, அமேசான் கணக்கு பதிவாகியிருக்கிற நாடு. மலையகத்தில் இந்த நான்கும் ஒன்றாக உள்ள வீடு குறைவு. அட்டை இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் டொலர் மாற்றுக் கட்டணம் சேரும். இணையத்துக்குப் போனின் ஹொட்ஸ்பொட் போதும், புத்தகக் கோப்பு சின்னதுதான். மாற்றித் தருகிற சேவையோ இங்கே எட்டாது. வாங்கிய நாட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

மறைந்த செலவுகளில் முதலாவது, கொண்டுவருகிறவருடைய கணக்கு. வாங்கும்போதே கருவி அவர் பெயரில் பதிவாகி வரலாம். அப்படியே பாவித்தால் உங்கள் நூலகம் அக்காவின் கணக்கில் வளரும். அவர் கடவுச்சொல்லை மாற்றினால் நீங்கள் வாசலில். விலை குறைந்த பதிப்புகள் சிலவற்றில் பூட்டுத் திரையில் விளம்பரம் வரும். அடிப்படை மாடலுக்கு நீர்ப் பாதுகாப்பு இல்லை. கினிகத்தேனை, வட்டவளை மழையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் இதைச் சின்ன விடயம் என்று எண்ண வேண்டாம். பேப்பர்வைட் என்ற மேல் மாடல் தாங்கும், ஆனால் 2024 பதிப்பு 160 டொலர்.

அடுத்து உடைமை. 2009 ஜூலையில் விற்பனை உரிமைச் சிக்கல் ஒன்றால் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நூல்களை அமேசான், வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அழித்தது. பிறகு மன்னிப்புக் கேட்டது. அது பழைய கதை என்று விட்டாலும், 2025 பெப்ரவரி 26 முதல், வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கிக் கேபிளில் ஏற்றுகிற வழியையும் எடுத்துவிட்டார்கள். வைஃபை கிடைப்பது அரிதான தோட்டத்து டிவிசனில் இருப்பவருக்கு அந்தக் கேபிள் வழி ஒரு பின்கதவாக இருந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகும் சிலருக்கு நான் கிண்டிலையே சொல்வேன். ஆங்கில நாவல்கள், தமிழ்நாட்டுப் புதிய மின்னூல்கள் இரண்டும்தான் தேவை, வீட்டில் ஒருவரிடம் அட்டை இருக்கிறது, கணினியோடு மல்லுக்கட்ட நேரமில்லை என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். ஓய்வுபெற்ற அம்மாவுக்கு வாங்குவதென்றாலும் இதுதான். மகள் கொழும்பிலிருந்தே புத்தகம் வாங்கி அனுப்பலாம், அம்மா பக்கத்தைத் தட்டினால் போதும்.

## கோபோ, பொக்கெட்புக்

'திறந்தது' என்ற சொல்லுக்குள் மூன்று வேறு விடயங்கள் கலந்து கிடக்கின்றன. கோப்புத் திறப்பு: எங்கிருந்து வந்த ஈபப், பிடிஎஃப் ஆனாலும் கேபிளில் போட்டு வாசிக்கலாம். மென்பொருள் திறப்பு: நமக்குப் பிடித்த வாசிப்பு மென்பொருளை உள்ளே வைக்கலாம். உடல் திறப்பு: கழற்றிப் பெட்டரி மாற்றலாம். கோபோவில் முதல் இரண்டும் உண்டு. மூன்றாவதும் ஓரளவு உண்டு. 2024 இல் வந்த கிளாரா, லிப்ரா மாடல்களுக்கு கருவிகளைத் திருத்த உதவுகிற ஐஃபிக்ஸிட் நிறுவனத்தோடு சேர்ந்து திருத்த வழிகாட்டிகளும் உதிரிப்பாகங்களும் தருவதாக அறிவித்தார்கள். பாகம் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் வந்துவிட்டால், டவுனில் போன் திருத்துகிற தம்பி வழிகாட்டியைப் பார்த்துச் செய்துவிடுவார். கோபோவின் சொந்தக் கடையில் விற்கிற பல நூல்களுக்கு, வேறிடத்தில் நகலெடுத்து வாசிக்க விடாத டிஆர்எம் பூட்டு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ் நூல்களைப் பொறுத்தவரை அந்தக் கடையை நம்பி வாங்கவே வேண்டாம்.

நமக்கு இவற்றின் உண்மையான பெறுமதி கேஓரீடர் என்ற இலவச மென்பொருள். கோபோ அதைத் தடுப்பதில்லை. பொக்கெட்புக்கிலும் ஏற்றலாம். கிண்டிலில் போடுவதற்குப் பூட்டை உடைக்க வேண்டும், அடுத்த புதுப்பிப்பு அந்த ஓட்டையை அடைத்துவிடலாம். கேஓரீடர் பிடிஎஃப் பக்கத்தை எழுத்தாகப் பார்க்காமல் படமாகப் பார்த்து, சொல் சொல்லாக நறுக்கி, திரை அகலத்துக்கு மறுபடி அடுக்குகிறது. பாமினியா, ஸ்கேனா என்ற கவலை அதற்கு இல்லை. ஆறு அங்குலத்தில்கூட பாமினிக் கட்டுரையைப் பெரிய எழுத்தில் வாசிக்க முடிகிறது. அட்டவணை, வரைபடம், மங்கலான ஸ்கேன் என்றால் தடுமாறும். சில பக்கங்கள் திரும்பச் சில வினாடி எடுக்கும். அப்படியான இடத்தில் அந்த வசதியை நிறுத்திவிட்டு ஓரத்தை மட்டும் வெட்டி வாசிக்கலாம். கிண்டில் தருகிற எந்த வசதியையும்விட, மலையக வரலாறு தேடுகிறவருக்கு இந்த ஒன்று பெரிது.

தமிழ் எழுத்து எப்படித் தெரியும்? கருவியின் சொந்த மென்பொருளில் புத்தகத்துக்குப் புத்தகம் வேறுபடலாம். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஓர் எழுத்துருவை ஏற்றிவைப்பது நல்லது. கேஓரீடரில் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து அடுக்கும் கருவி இருப்பதால் கொம்பும் காலும் இடம் மாறுவதில்லை. பரிசோதிக்க ஒரு வரி போதும்: கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் எழுத்துருவையோ மென்பொருளையோ மாற்ற வேண்டும்.

மறைந்த செலவு உங்கள் நேரம்தான். முதல் தடவை கணக்குத் திறந்து, கேஓரீடர் ஏற்றி, எழுத்துரு போட்டு, கலிபரில் புத்தகங்களை அடுக்க ஒரு மாலைப் பொழுது போகும். அதற்குக் கணினி வேண்டும். ஏதாவது சிக்கினால் பக்கத்து வீட்டில் கேட்க ஆள் இருக்காது. விலையும் கொஞ்சம் கூட: கிளாரா கறுப்பு வெள்ளை 2024 இல் 130 டொலருக்கும், ஏழு அங்குல லிப்ரா கலர் 220 டொலருக்கும் வந்தன. இரண்டுமே தண்ணீர் பட்டாலும் தாங்குபவை.

நூலகம் தளத்தை அடிக்கடி திறக்கிறவர், மலையக எழுத்தைத் தேடி வாசிக்கிறவர், வாசிகசாலை வட்டத்தில் கோப்புகளைப் பகிர்ந்து வாசிக்கிறவர் ஆகியோருக்கு என் தேர்வு இதுதான். ஆறு அங்குலத்தைத் தாண்டிப் போக முடிந்தால் போய்விடுங்கள். பகிர்வதைப் பற்றி ஒரு வார்த்தை: 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை நிற்கும். சொந்தக் காசில் புத்தகம் போடுகிற நம்மூர் எழுத்தாளரின் பிடிஎஃபை வட்ஸ்அப் குழுவில் சுற்றவிடுவதைத் திறந்த தன்மை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

## பூக்ஸ் மாதிரியான அன்ட்ரொய்ட் கருவிகள்

இரண்டு உலகமும் வேண்டும் என்கிறவர்களுக்கு இது. பிளே ஸ்டோர் இருப்பதால் கிண்டில் செயலியும் ஓடும், கேஓரீடரும் ஓடும். 10.3 அங்குல மாடலில் ஏ4 வினாத்தாளை மாற்றாமலே வாசிக்கலாம், பேனையால் குறிப்பும் எழுதலாம். விலைதான் தலைசுற்ற வைக்கும். பெரிய திரை என்றால் ஒரு இலட்சம் ரூபாயைத் தாண்டும். சாதாரண ஈ-ரீடருக்கு வாரக்கணக்கில் நிற்கிற சார்ஜ் இதில் நாட்கணக்கில்தான். அன்ட்ரொய்ட் பதிப்பும் சில வருடத்தில் பழசாகி, செயலிகள் ஒவ்வொன்றாக மறுக்கத் தொடங்கும். செயலிகளுக்குத் திறந்த கதவு என்பதால் முழுவதும் திறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே ஓடும் லினக்ஸ் கருவின் (கெர்னல்) மூலநிரலை வெளியிடாததற்காகப் பூக்ஸ் நிறுவனம்மீது பலகாலமாகவே விமர்சனம் உண்டு.

உயர்தர வகுப்புக்குக் கற்பிக்கிற ஆசிரியர், பட்டப்பின் ஆய்வு செய்கிறவர், பாடசாலை நூலகத்துக்கு நலன்விரும்பி ஒருவர் பணம் தருகிற சந்தர்ப்பம் என்றால் யோசிக்கலாம். நாவல் வாசிக்க இவ்வளவு தேவையில்லை.

## கையில் இருக்கிற போன்

இதை ஒரு தெரிவாகவே பலர் எண்ணுவதில்லை. லிப்ரெரா, ரீட்எரா போன்ற செயலிகள் ஈபப்பையும் பிடிஎஃபையும் திறக்கும், செலவில்லை. கண் களைக்கும், வட்ஸ்அப் இழுக்கும், கரண்ட் இல்லாத நாளில் போனின் சார்ஜைப் பேச்சுக்காகக் காப்பாற்ற வேண்டியிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மண்சரிவுகள் வந்தபோது மலையகத்தின் பல இடங்களில் மின்சாரமும் தொடர்பும் நாட்கணக்கில் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் ஈ-ரீடர் தனியாக நிற்கும். அதில் கிண்டில், கோபோ வேறுபாடு கிடையாது, ஏற்கெனவே இறக்கி வைத்த புத்தகம் இரண்டிலும் திறக்கும்.

ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்குமேல் வாசிக்காதவருக்குப் போன் போதும். மற்றவர்களும் வாங்குவதற்கு முன்னால் வாசிக்க நினைக்கிற கோப்புகளைப் போனில் சேர்த்துப் பாருங்கள். எந்தச் சாதிக் கோப்பு அதிகம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

## பக்கம் பக்கமாக வைத்தால்

| அளவுகோல் | கிண்டில் | கோபோ / பொக்கெட்புக் | அன்ட்ரொய்ட் ஈ-ரீடர் | போன் |
|---|---|---|---|---|
| கடையில் வாங்கும் தமிழ் மின்னூல் | மிக நன்று | மிகக் குறைவு | கிண்டில் செயலி வழியாக | கிண்டில் செயலி வழியாக |
| ஸ்கேன், பாமினி பிடிஎஃப் | சிரமம் | கேஓரீடருடன் நன்று | பெரிய திரையில் மிக நன்று | முடியும், கண் வலிக்கும் |
| கேபிளில் ஈபப் ஏற்றல் | இல்லை | உண்டு | உண்டு | உண்டு |
| வங்கி அட்டை | கடைக்கு வேண்டும் | தேவையில்லை | கிண்டில் கடைக்கு மட்டும் | கிண்டில் கடைக்கு மட்டும் |
| சார்ஜ் | வாரங்கள் | வாரங்கள் | நாட்கள் | ஒரு நாள் |
| ஆரம்ப வேலை | மிகக் குறைவு | ஒரு மாலை | ஒரு மாலை | இல்லை |
| பழுதானால் | வாங்கிய நாட்டுக்கு | பாகம் வந்தால் இங்கேயே | கடினம் | டவுனிலேயே |

## பழையதை வாங்குவதென்றால்

விளம்பரத் தளங்களில் பாவித்த கிண்டில்கள் பாதி விலைக்கு வருவதுண்டு. திரையில் கோடு விழுந்திருக்கிறதா என்று வெள்ளைப் பக்கத்திலும் கறுப்புப் படத்திலும் பாருங்கள். ஈ-ரீடர்களின் ஈ-இங்க் திரை கண்ணாடி மாதிரி நொறுங்காமலே உள்ளுக்குள் செத்திருக்கும். பிறகு ஒரு பாமினி பிடிஎஃபையும் நூலகத்து ஸ்கேன் ஒன்றையும் கேபிளில் கொண்டுபோய் ஏற்றி, விற்பவர் முன்னாலேயே நான்கைந்து பக்கம் திருப்புங்கள். கடைசியாகக் கருவியின் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) போய் அது யார் கணக்கில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். விற்பவர் உங்கள் கண்முன்னே தன் கணக்கிலிருந்து நீக்கித் தராவிட்டால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தக் கருவி வேண்டாம்.